நண்டு ஒத்துக்கொள்ளாதவரின் இருதயப் படம்

என் இருதயத்தைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று வைத்தியர் சொன்ன அன்று, இருதயத்தைப் பற்றிய கவலை எனக்கு அவ்வளவாக வரவில்லை. நண்டைப் பற்றிய கவலைதான் வந்தது. இதை விளங்கப்படுத்துவதென்றால் கலியாணம் கட்டிய முதல் மாதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போது நாங்கள் திருகோணமலையில், உள்துறைமுகம் தெரியும் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் ஓர்ஸ் ஹில்லில் நீர்ப்பாசன அலுவலகத்தில் படவரைஞர். குளத்துக்கும் வாய்க்காலுக்கும் கோடு கீறுவது வேலை. மனைவி திரியாய்ப் பெண். கடற்கரை ஊரில் பிறந்தவளுக்குக் கடலில் பிடிபடுவதெல்லாம் சமைக்கத் தெரியும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அவர்கள் வீட்டில் குசினி முழுவதும் அக்காவின் ஆட்சியில் இருந்தது என்பதும், இவள் சாப்பிடுவதில் மட்டும் தேர்ந்தவள் என்பதும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நண்டென்றால் அவளுக்கு உயிர். கலியாணப் பேச்சுக் காலத்தில் அவளைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்டவற்றில் முழு உண்மை அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே சந்தைக்குப் போய் கடலோரச் சேற்று ஏரியான களப்பில் பிடித்த நண்டு ஆறு வாங்கிவந்து கொடுத்தேன். நண்டின் ஓட்டைக் கழற்றினால் உள்ளே இரண்டு பக்கமும் பஞ்சு மாதிரி ஒன்று இருக்கும். அதைப் பிய்த்தெறிய வேண்டும். அவள் எறியவில்லை. கழுவியதும் அரைகுறை. முருங்கையிலை, தேங்காய்ப்பால், இடித்த மிளகு எல்லாம் முறைப்படி விழுந்திருந்தன. கூடவே களப்புச் சேறும் விழுந்திருந்தது. முதல் வாயிலேயே பல்லில் மணல் நறநறத்தது. அவள் தன் சோற்றுக் கோப்பையில் போடாமல், எதிரே கதிரையின் விளிம்பில் இருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நன்றாக இருக்கிறது என்று சொன்னால் மிச்சம் ஐந்து நண்டையும் நான்தான் தின்ன வேண்டும். சரியில்லை என்று சொல்ல, அந்த முகத்துக்கு முன்னால் எனக்கு வாய் வரவில்லை. கலியாணமாகி மூன்று கிழமை. நான் முழங்கையைச் சொறிந்தேன். பிறகு கழுத்தையும் சொறிந்தேன். எனக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது என்றேன். ஒரு நேரச் சாப்பாட்டைத் தாண்டுவதற்குச் சொன்ன பொய் அது. இரவுச் சாப்பாடு வரைக்கும்கூட அது தாங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

அவள் கோப்பையைப் பறித்தாள். சட்டியோடு கொண்டுபோய்ப் பின்வேலியடியில் கொட்டினாள். திரும்பி வந்து, தெரியாமல் தந்துவிட்டேன் என்று அழுதாள். அன்றோடு அந்த வீட்டில் நண்டு நின்றது. நீர் சமைத்துச் சாப்பிடும், நான் மீன் சாப்பிடுகிறேன் என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். புருசனுக்கு நஞ்சாய் இருப்பதைப் பக்கத்தில் வைத்துத் தின்னத் தனக்கு மனம் வராது என்று சொல்லிவிட்டாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, வாசலில் கூடைக்காரர் நண்டு நண்டென்று கூவிப் போக, இருபத்திரண்டு வருடம் அவள் நண்டு தொடவில்லை.

பொய் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது என்று நினைப்பவர்கள், அதை வளர்த்துப் பார்க்க வேண்டும். என் பொய்யை வளர்த்தவள் என் மனைவி. முதல் வருடம் அவள் சொந்தக்காரருக்குச் சொன்ன கதையில் எனக்குக் கை கடித்தது, அதாவது அரித்தது, அவ்வளவுதான். ஐந்தாம் வருடம் உடம்பெல்லாம் தடித்தது. பத்தாம் வருடம் உதடு வீங்கி முகமே மாறிப்போனது. கடைசியில் எனக்குத் தொண்டை அடைத்து, மூச்சு நின்று, யாரோ ஒருவரின் லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவள் பொய்க்காரியல்ல. பயத்தோடு நினைத்து நினைத்துச் சொன்னதில் அது அப்படி ஆகிவிட்டது. அந்த லொறி என்ன நிறம் என்றுகூட எனக்கே சில நாள் தெரிந்தது.

இதனால் ஊரில் எனக்கொரு தனி மதிப்பு. கலியாண வீடு, செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டி வீடு, எங்கே போனாலும் எனக்கென்று வேறு கறி வரும். திரியாயில் மச்சாள், அதுதான் மனைவியின் அக்கா, எனக்கென்றே தனிச்சட்டி வைத்திருந்தா. நண்டுச் சட்டிக்குப் போட்ட அகப்பை அதற்குள் போகக்கூடாது. நண்டின் மணம் குசினியிலிருந்து வரும்போது நான் முன்விறாந்தையில் இருந்து வாயூறிக்கொண்டிருப்பேன். எல்லாரும் என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு நான் முழுத் தகுதி உடையவன்தான், காரணம் மட்டும் வேறு.

மனைவியின் கைப்பையில் கடிக்குப் போடும் குளிசை எப்போதும் ஒரு அட்டை இருக்கும். அடையாள அட்டை இல்லாமல் அவள் வெளியே போயிருக்கலாம், அந்த அட்டை இல்லாமல் போனதில்லை.

நானும் மனிதன்தான். அலுவலக வேலையாக மாதத்தில் இரண்டு மூன்று தரம் கிண்ணியாவுக்குப் போக வேண்டியிருக்கும். அப்போது பாலம் இல்லை. வாகனத்தையும் சனத்தையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். பாதையால் இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தால் ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே வைக்கும் நண்டுக் குழம்பைப் பற்றி இங்கே எழுதினால் கட்டுரை திசை மாறிவிடும். சாப்பிட்டுவிட்டுச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கை கழுவி, தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, தேய்த்து, பாதையில் காற்றுப்படும் பக்கமாக நின்று திரும்பி வருவேன். அப்படியும் சில நாள் மனைவி மூக்கைச் சுளித்து, பாதையில் நண்டுக் கூடைகளுக்குப் பக்கத்தில் நின்றீர்களா என்று கேட்பாள். ஓம் என்பேன். உடனே குளிசை ஒன்று தருவாள். அதை விழுங்கினால் அடுத்த நாள் பத்து மணி வரைக்கும் தூக்கம் தெளியாது. அதை நான் வரி என்று நினைத்துக் கட்டிவந்தேன்.

சமாதானம் குலைந்து திரும்பவும் சண்டை மூண்டிருந்த காலம். ஒருநாள் அந்தக் கடையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் பாதையில் நின்றபோது நெஞ்சில் ஒரு பாரம் ஏறியது. இடது தோள் வலித்தது. வாய்வு என்று நினைத்தேன். பிறகு தெய்வக் குற்றம் என்று நினைத்தேன். அடுத்த கிழமை ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் வெறும் வயிற்றோடு ஏறும்போதும் அதே பாரம் வந்தது. நண்டு நிரபராதி என்று அப்போதுதான் தெரிந்தது. என் அப்பாவும் சித்தப்பாவும் ஐம்பது வயதைக் காணாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர்கள். எனக்கு நாற்பத்தொன்பது. அன்று முதல் தடவையாக எனக்கு நல்ல பயம் பிடித்தது.

ஊர் வைத்தியர் நெஞ்சுப் பதிவு எடுத்துப் பார்த்துவிட்டு, இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு இருக்கிறதோ என்று சந்தேகம், தொடையால் மெல்லிய குழாய் விட்டு, மருந்து பாய்ச்சிப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு வழக்கம்போல, ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் வந்ததுண்டா என்று கேட்டார். நான் வாய் திறக்க முதல் மனைவி தொடங்கிவிட்டாள். கை கடித்ததில் தொடங்கி லொறி வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னாள். வைத்தியர் பேனையை வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். குழாயால் பாய்ச்சும் மருந்தில் அயடின் இருக்கிறதாம். நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது ஆபத்தாகலாம் என்று அந்தக் காலத்தில் பல வைத்தியர்கள் யோசிப்பார்கள். அவரும் யோசித்தார். கொழும்பில் காந்தப் படம் எடுக்கும் மெசினில் இருதயக் குழாயையும் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள், அதற்கு ஏற்றும் மருந்தில் அயடின் இல்லை, அங்கே போங்கள் என்று கடிதம் எழுதித் தந்தார். கடிதத்தில் நண்டு என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தொடையால் குழாய் விடாமல் காரியம் முடியும் என்றால் எந்தக் கோழைக்கும் அது பிடிக்கும். அத்தோடு இந்தப் பொய்யால் எனக்குக் கிடைத்த முதல் நன்மை இது. அதை ஏன் கெடுப்பானேன் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

கொழும்புப் பயணம் என்றால் அப்போது சும்மா இல்லை. வழிநெடுகச் சோதனைச் சாவடி. ஒவ்வொன்றிலும் பஸ்ஸால் இறங்கி, பையைத் திறந்து, கையைத் தூக்கி, வரிசையில் நடந்து, திரும்ப ஏற வேண்டும். நெஞ்சுவலிக்காரன் நடக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதைச் சாவடியில் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், அதற்கு இன்னும் அரைமணித்தியாலம் நிற்க வேண்டும். நடப்பது லாபம். கொழும்பில் தங்கிய விடுதியில் பொலிஸ் பதிவு. எங்கிருந்து, எதற்கு, எத்தனை நாள் என்று எழுத வேண்டும். எதற்கு என்ற இடத்தில் நான் இருதயம் என்று எழுதினேன். பொலிஸ்காரர் என்னையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மூன்று நாள் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். மூன்றாம் நாள் பின்னேரத்துக்குள் நாங்கள் கொழும்பை விட்டுப் போய்விட வேண்டும்.

படம் எடுக்கத் திகதி கிடைத்தது மூன்றாம் நாள் காலையில்.

உலோகம் ஒன்றும் உடம்பில் இருக்கக்கூடாது என்று சொல்லி, மணிக்கூடு, மோதிரம், இடுப்பில் கட்டியிருந்த வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். உடுப்பையும் வாங்கிக்கொண்டு, பின்னால் நாடா கட்டும் ஒரு நீலச் சட்டை தந்தார்கள். அதைத் தைத்தவர் முன்பக்கத்தோடு துணி முடிந்துபோனவராக இருக்க வேண்டும். நெஞ்சு மயிரை அங்கங்கே வழித்து வயர்கள் ஒட்டினார்கள். அடையாள அட்டையை மட்டும் நான் தர மறுத்தேன். அந்த வருடங்களில் திருகோணமலைக்காரன் குளிக்கும்போதுகூட அதைக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்திருப்பான். கடைசியில் மனைவி கை நீட்டி வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்த பிறகுதான் மெசின் அறைக்குள் போனேன். என் உடுப்பும் அந்தப் பையோடு அவளிடம்தான் இருந்தது.

மெசின் ஒரு பெரிய குழாய். உள்ளே தள்ளிவிட்டார்கள். இரும்புக் கதவை யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம். காதில் மாட்டியிருந்த கருவிக்குள்ளால் ஒரு பெடியன் சிங்களத்தில், அசைய வேண்டாம், மூச்சை விடு, பிடி என்று சொல்லிக்கொண்டிருந்தான். சிங்களத்தில் அசையாதே என்று சொன்னால் அசையாமல் நிற்பதில் எனக்கு இருபது வருடப் பயிற்சி. இவ்வளவு ஆடாமல் கிடக்கும் ஒரு ஆளைத் தாங்கள் கண்டதில்லை என்று பிறகு சொன்னார்கள்.

அது மருந்து ஏற்றாமல் எடுத்த முதற் படம். முடிந்ததும் என்னை வெளியே எடுத்து, பக்கத்து அறையில் கதிரையில் இருத்தினார்கள். படம் பார்க்கும் வைத்தியர் ஒரு தமிழ்ப் பெண். என் மனைவியையும் உள்ளே கூப்பிட்டு, திரையைக் காட்டி விளங்கப்படுத்தினார். இருதயம் தெரிந்தது. அதன்மேல் ஓடும் குழாய்கள் கலங்கல் தண்ணீரில் கிடக்கும் கயிறுபோல மங்கலாகத் தெரிந்தன. ஒரு இடத்தில் குழாய் ஒடுங்கியிருக்கிறதா, படம்தான் தெளிவில்லையா என்று சொல்ல ஏலாதாம். கடோலினியம் என்று ஒரு மருந்தைக் கை நரம்பால் ஏற்றினால், அது இரத்தத்தோடு போகும்போது குழாயின் உட்பக்கம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும், சுற்றியிருக்கும் தசை பின்னுக்குப் போய்விடும், அடைப்பு இருந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் ஒடுங்கும் என்றார்.

எனக்கு உடனே விளங்கியது. புது வாய்க்காலில் தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் நாங்கள் பதர் நெல்லை அள்ளித் தூவுவோம். தண்ணீரைப் பார்க்க வேண்டியதில்லை, பதரைப் பார்த்தால் போதும். இதை நான் வைத்தியருக்குச் சொன்னேன். அவருக்குப் பிடித்துக்கொண்டது. சிரித்தபடியே என் கடிதத்தை எடுத்தார். இரண்டு கோட்டைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

தொண்டை அடைத்து மூச்சு நின்ற ஆளுக்கு எந்த மருந்தையும் உடனே ஏற்றத் தனக்குத் துணிவில்லை என்றார். இரண்டு நாள் முன்மருந்து தர வேண்டும், பக்கத்தில் மயக்க மருந்து வைத்தியரை வைத்துக்கொண்டு ஏற்ற வேண்டும், அதற்கு அடுத்த கிழமைதான் வசதிப்படும். அதுவரைக்கும் இந்தக் கலங்கல் படத்தோடு இருக்க வேண்டியதுதான். பின்னேரத்துக்குள் நாங்கள் கொழும்பை விட வேண்டும். அடுத்த கிழமை கொழும்பு வீதி திறந்திருக்குமா, நான் இருப்பேனா என்று ஒருவருக்கும் தெரியாது.

வைத்தியரோடு தனியே ஒரு நிமிடம் கிடைத்தால் காரியத்தை முடித்துவிடலாம் என்று பார்த்தேன். தண்ணீர் வேண்டும் என்று மனைவிக்குச் சொன்னேன். கைப்பைக்குள்ளிருந்து போத்தலை எடுத்துத் தந்தாள். தலையிடிக்கிறது, கீழே கடையில் கோப்பி வாங்கிவாரும் என்றேன். மருந்து ஏற்ற முதல் கோப்பி குடிக்கக்கூடாது என்று வைத்தியரே சொன்னார். பிறகு ஒரு கடதாசியை எடுத்து, அந்தக் கதையை ஒழுங்காகச் சொல்லுங்கள், எழுத வேண்டும் என்றார். அவர் கேட்டது என்னை. பதில் சொன்னவள் மனைவி. இந்தத் தடவை லொறியில் நான் நீலம் பாரித்துக் கிடந்தேன்.

"கடைசியா இவர் நண்டு சாப்பிட்டது எப்ப?" என்று வைத்தியர் கேட்டார்.

"இருபத்திரண்டு வருசத்துக்கு முதல்," என்றாள் மனைவி. "அதுக்குப் பிறகு நான் வீட்டு வாசலுக்கும் எடுக்கேல்ல."

வைத்தியர் எழுதப்போனார். அவர் எழுதி முடித்தால் என் இருதயம் கலங்கலாகவே ஊருக்குத் திரும்பிப்போகும். அப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்தது.

"போன செவ்வாய்க்கிழமை," என்றேன்.

பேனை நின்றது. மனைவி என்னைப் பார்க்கவில்லை. அதை வைத்தியர்தான் சொன்னார் என்பதுபோல அவரைப் பார்த்தாள்.

இனி ஒளித்துப் பயனில்லை. கிண்ணியா, சாப்பாட்டுக் கடை, சவர்க்காரம், தேசிக்காய் எல்லாவற்றையும் சொன்னேன். கொழும்புக்கு வரமுதல் கடைசித் தரமாக இருக்கட்டும் என்று போன செவ்வாய் சாப்பிட்டதையும் சொன்னேன். முதல் நாள் மணலைப் பற்றிச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆனால் வாய் திறந்தால் மூடத் தெரியாத ஒரு கட்டம் மனிதனுக்கு வருகிறது. பின்பக்கம் திறந்த சட்டையோடு, நெஞ்சில் வயரோடு இருக்கும்போது அது சீக்கிரம் வருகிறது.

மனைவி கைப்பையைத் திறந்து, கடிக் குளிசை அட்டையை எடுத்து வைத்தியரின் மேசையில் வைத்தாள். எழும்பி வெளியே போனாள்.

வைத்தியர் கடதாசியை ஒதுக்கி வைத்துவிட்டு, உண்மையைச் சொன்னது நல்லது என்றார். பிறகுதான் அந்த வசனத்தைச் சொன்னார். "ஆனா இந்த மருந்துக்கும் நண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மூச்சு நிண்டதெண்டு எழுதினபடியாலதான் நான் பயந்தனான். சும்மா கை கடிச்சதெண்டு சொல்லியிருந்தா ஏத்தியிருப்பன்."

அதாவது லொறியை மட்டும் கழற்றிவிட்டு, நண்டை அப்படியே வைத்திருந்திருக்கலாம். இருபத்திரண்டு வருடப் பொய்யை, தேவையில்லாத ஒரு இடத்தில், தேவையில்லாத அளவுக்கு உடைத்திருக்கிறேன். எனக்கு வைத்தியர்மேல் ஆத்திரம் வந்தது. பிறகு லொறிமேல் வந்தது.

திரும்ப மெசினுக்குள் போனேன். மருந்து ஏறும்போது முழங்கையிலிருந்து தோள் வரைக்கும் ஒரு குளிர் போனது, அவ்வளவுதான். இந்த மருந்து குழாயில் நிற்கும் நேரம் கொஞ்சம், அதற்குள் படம் எடுக்க வேண்டும், மூச்சைப் பிடித்தால் பிடித்தபடி இருக்க வேண்டும் என்று பெடியன் சொன்னான். பிடித்தேன். சுத்தியல் அடித்தது. பயந்து பயந்து எனக்காக நண்டை விட்ட ஒரு மனுசியின் முகம், இப்போது வெளியே எந்தக் கோலத்தில் இருக்குமோ என்று நினைத்தேன். அப்போது எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. மூச்சை விடச் சொன்னதும் பெரிதாக விட்டேன். விடும்போது கொஞ்சம் அழுதும் இருப்பேன். அது படத்தில் விழவில்லை.

வெளியே வந்தேன். மனைவி இருந்த கதிரை வெறுமையாக இருந்தது. கைப்பையும் இல்லை. என் உடுப்பும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. அந்தக் காலத்துக் கொழும்பில், திருகோணமலைத் தமிழன் ஒருவன், அடையாளம் எதுவும் இல்லாமல், பின்பக்கம் திறந்த நீலச் சட்டையோடு ஆஸ்பத்திரி விறாந்தையில் நிற்கிறான். காவல்காரர் இரண்டு தரம் என்னைக் கடந்து போனார். மூன்றாம் தரம் நின்று, யார் நீ என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் என் மனைவி கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று சொன்னேன். அவருக்கு அதற்குமேல் அத்தாட்சி தேவைப்படவில்லை. எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டு, முதுகைச் சுவர்ப் பக்கமாக வைத்து இருக்கச் சொன்னார்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகியிருக்கும். வைத்தியர் படத்தோடு வந்தார். மருந்து ஏற்றிய படத்தில் குழாய்கள் ஆற்றுப் படம் கீறியதுபோல் தெளிவாகத் தெரிந்தன. ஒரு கிளையில் கொஞ்சம் ஒடுக்கம் இருக்கிறது. பெரிய குழாய்கள் திறந்திருக்கின்றன. வெட்டத் தேவையில்லை, குளிசையும் நடையும் வாய்க்கட்டுப்பாடும் போதும் என்றார். அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் மனைவி படியேறி வந்தாள். வைத்தியர் திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். அவள் கவனமாகக் கேட்டாள். குளிசை சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டாள். வைத்தியர் போனதும் உடுப்பை என் மடியில் போட்டு, அடையாள அட்டையை அதன்மேல் வைத்தாள். அவள் கையிலிருந்து சவர்க்கார மணம் வந்தது. சவர்க்காரத்துக்குக் கீழே தேசிக்காய் மணம். அதற்கும் கீழே எனக்கு நன்றாகப் பழக்கமான இன்னொரு மணம். அந்த வரிசையை உலகத்தில் என்னைவிட அறிந்தவன் இல்லை.

பின்னேரமே பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவள் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை. அவளைச் சோதித்து முடித்து, என்னையும் சோதித்து முடித்து, பஸ்ஸைத் தடவிக்கொண்டிருந்தார்கள். வெயில் சாய்ந்திருந்தது. வீதியோரத்தில் ஒரு மரத்துக்குக் கீழே இரண்டு பேரும் நின்றோம். இனியும் பேசாமல் இருந்தால் வீடு வரைக்கும் இப்படியே போய்விடும் என்று, நான்தான் தொடங்கினேன். பிழை என்னுடையது, ஊருக்குப் போனதும் அக்காவிடமும் மற்றவர்களிடமும் நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இனி எனக்காக ஒருவரும் வேறு சட்டி வைக்க வேண்டாம் என்றேன். பெரிய மனதோடு பேசுவதாக எனக்கே ஒரு நினைப்பு.

"நீங்கள் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்ல வேண்டாம்," என்றாள். "நான் இனிச் சமைப்பன், சாப்பிடுவன். உங்களுக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது. சாகும்வரைக்கும் ஒத்துக்கொள்ளாது."

தண்டனை என்று விளங்கியது. நியாயமான தண்டனைதான். ஆனாலும் அக்காவுக்காவது சொல்ல வேண்டாமா, அவவைத்தானே கூடுதலாகக் கஷ்டப்படுத்தினோம் என்று கேட்டேன்.

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"சண்டையில திரியாயால எழும்பி அக்காவாக்கள் அகதி முகாமில இருக்கேக்க நாங்கள் பாக்கப் போனனாங்கள். அண்டைக்கு அங்க எல்லாருக்கும் நண்டுதான், வேற ஒண்டும் இல்லை. உங்களுக்கு மட்டும் முட்டை பொரிச்சுத் தந்தவ. அந்த ஒரு முட்டைக்கு அவ எத்தினை கொட்டிலுக்குப் போய்க் கேட்டவ எண்டு உங்களுக்குத் தெரியுமோ? பிள்ளைப்பெத்த ஒருத்திக்கு வைச்சிருந்த முட்டையை அழுது வாங்கினவ. எனக்கு மட்டும்தான் சொன்னவ. அவவிட்டப் போய் என்னத்தைச் சொல்லப்போறியள்?"

பஸ்ஸில் ஏறச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் முன்னால் போனாள். அந்த முட்டை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று உப்புக் குறைவு என்று சொல்லி, பாதியைக் கோப்பையில் வைத்துவிட்டு எழும்பினேன்.